நாடக நடிகை சொல்லச் சொல்ல எழுதும் வாழ்க்கைக் கதை: மேடையைச் சொல்பவர் பிள்ளைகள் பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறார்

கேள்வி: கெங்கையம்மன் தெரு வாசகர்

வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு நாடக நடிகை இருக்கிறார். வயது 71. ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம். சந்திரமதி, வள்ளி, நல்லதங்காள் மூன்றும் அவர் பேர் சொல்லும் வேஷங்கள். ஏறத்தாழ முப்பது வருஷம் குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி, அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் வரை ஆடியவர். ஒரு மகள், ஒரு மகன். இரண்டு பேரையும் வளர்த்தது அவருடைய அம்மா. எழுதப் படிக்க அவ்வளவாக வராது. அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து புத்தகமாகக் கொண்டுவர எங்கள் வாசகர் வட்டம் முடிவு செய்திருக்கிறது.

இந்த எண்ணத்தைக் கிளப்பியது அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ 1976இல் வெளியிட்ட தன்வரலாறு, அவருடைய வரிசையில் மூன்றாவது. கறுப்பினப் பெண் ஒருத்தி பாடியும் ஆடியும் பிழைத்துக்கொண்டே ஒற்றை ஆளாக மகனை வளர்த்த கதை. தமிழில் நாடகக்காரர் வாழ்க்கை என்றால் கைக்குக் கிடைப்பவை பம்மல் சம்பந்த முதலியாருடையதும் அவ்வை தி.க. சண்முகத்துடையதும். அருமையான நூல்கள், ஆனால் தாயாக இருந்துகொண்டு மேடை ஏறியவரின் இடத்திலிருந்து எழுதியவை அல்ல.

இரண்டு முறை உட்கார்ந்து பேசியாகிவிட்டது. சிக்கல்கள் இவை. மேடையைப் பற்றிக் கேட்டால் அருவியாகக் கொட்டுகிறது. பிள்ளைகளைக் கேட்டால் "எங்கம்மா பாத்துக்கினாங்க" என்று ஒரு வரி, அதோடு சரி. வருஷம் எதுவும் நினைவில் இல்லை. போனில் பதிவு செய்ததில் பேச்சு முழுக்க ஃபேன் சத்தம், பாட்டு வந்தால் குரல் கிழிகிறது. அவருடைய பேச்சை அப்படியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்பதிலும் எங்களுக்குள் இரண்டு கட்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பின்படுதா

முதல் சிக்கல்தான் புத்தகத்தின் உயிர், அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

"பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனபோது எப்படி இருந்தது?" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு நடிகையிடம் ஒற்றை வரிதான் பதிலாக வரும். ஊரும் உறவும் முப்பது வருஷமாக அதே கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கும். அதற்கு அவர் பழக்கி வைத்திருக்கும் கவசம் அந்த வரி. அதை உடைக்கப் பார்க்காதீர்கள். உணர்ச்சியைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள், ஆளைக் கேளுங்கள், காசைக் கேளுங்கள்.

ஏஞ்சலோவின் நூலையே இந்தக் கண்ணோடு இன்னொரு முறை படியுங்கள். 1954, 55இல் கறுப்பினக் கலைஞர்கள் பாடி நடித்த இசை நாடகக் குழுவோடு ஐரோப்பாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போகிறார். மகனை சான்பிரான்சிஸ்கோவில் தன் தாயிடம் விடுகிறார். 17 வயதில் பெற்ற பிள்ளை, அப்போது அவனுக்கு ஒன்பது வயது. குழுச் சம்பளம் போக, பாரிஸில் இரவு விடுதிகளில் பாடியும் நடனம் சொல்லிக் கொடுத்தும் கூடுதலாகச் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்புகிறார். மகனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினால் பையன் உடம்பு முழுக்கத் தோல் வெடித்துக் கிடக்கிறது. அதற்குப் பிறகு கிடைத்த வேலைக்கு ஹவாய்க்குப் போகும்போது மகனையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். நூல் அங்கே முடிகிறது. எவ்வளவு குற்றவுணர்ச்சி என்று அளந்து சொல்லாமலே நமக்கு நெஞ்சு கனக்கிறது. எந்த ஊரில், யாரிடம் விட்டு, எதைச் செய்து சம்பாதித்து, எந்த நிலையில் பிள்ளையைக் கண்டார் என்ற விவரம்தான் அந்தக் கனத்தைத் தூக்குகிறது.

இன்னொன்று. ஏஞ்சலோவே மூன்று வயதில் அண்ணனோடு ரயிலேற்றி அனுப்பப்பட்டு அர்கன்சாஸ் ஊர் ஒன்றில் பாட்டியிடம் வளர்ந்தவர். தான் விடப்பட்டது போலவே தன் மகனையும் விட்டுவிட்டோமே என்பது அந்த நூலின் அடியில் ஓடுகிறது. ஆகவே அந்த நடிகை அம்மாவிடம் பிள்ளைகளைக் கேட்பதற்கு முன்னால், அவரை வளர்த்தது யார், அவர் எந்த வயதில் யாரோடு நாடகத்துக்குப் போனார் என்று தொடங்குங்கள். அந்தக் கதை வந்தால் அடுத்த தலைமுறைக் கதை அதன் பின்னாலேயே வரும்.

கேட்க வேண்டியவை. பிரசவமாகி எத்தனையாவது நாள் மேடை ஏறினார்? பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு ஏறி விடியற்காலை இறங்கினால் பால் கட்டிக்கொள்ளும், ரவிக்கை நனையும். உள்ளே துணி மடித்து வைத்தாரா, படுதாவுக்குப் பின்னால் பீய்ச்சி விட்டாரா, அப்போது யார் மறைவு பிடித்தது? பிள்ளையைக் கூடவே கொண்டு போன இரவுகளில் தூளி எங்கே கட்டியது, கொட்டகைக் கழியிலா, பஸ் நிற்கும் புளியமரத்திலா? அவர் மேடையில் இருக்கும்போது பிள்ளை அழுதால் தூக்கியது யார்: ஆர்மோனியக்காரர் வீட்டம்மாவா, பபூனா? அரிதாரம் பூசிய முகத்தைப் பார்த்துப் பிள்ளை அம்மாவை அடையாளம் தெரியாமல் அழுததுண்டா? அரிதாரம் ஆர்செனிக் உள்ள தாது. அந்தக் காலத்தில் அதைப் பூசிக்கொண்டு பிள்ளைக்கு முத்தம் கொடுக்க முடியாது. தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்து, முகம் கழுவி, பிறகுதான் எடுக்க முடியும். அதற்கு எத்தனை நிமிஷம் ஆகும், அதற்குள் அடுத்த சீன் வந்துவிடுமா என்று கேளுங்கள். இது கைப்பழக்கம், கைப்பழக்கத்தைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை.

சந்திரமதி வேஷம் கட்டியவர் என்கிறீர்கள். அப்படியானால் ஒரு கேள்வி கட்டாயம்: லோகிதாசனாக வந்தது யார் வீட்டுப் பிள்ளை? குழுவில் இருப்பவர்களின் பிள்ளையைத்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். பாம்பு தீண்டிச் செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்பும் கட்டம் வர விடியற்காலை மூன்று மணியாகிவிடும். பிள்ளை உண்மையிலேயே தூங்கிப் போயிருக்கும். அந்தத் தூங்கும் பிள்ளை அவருடையதா, அல்லது தன் பிள்ளை ஊரில் கிடக்க இன்னொருத்தி பிள்ளையை மடியில் போட்டு அழுதாரா? இரண்டுமே ஒரு முழு அத்தியாயம். இந்தக் கேள்வியை மூன்றாவது நான்காவது அமர்வுக்கு முன் கேட்காதீர்கள். நல்லதங்காளைப் பற்றியது அதற்கும் பிறகு.

கணக்கு. தனியாக ஒரு நோட்டு போடுங்கள். அவர் நினைவில் தெளிவாக இருக்கும் ஓர் இரவை எடுத்து ஒரு பக்கம்: பேசிய தொகை, வெற்றிலைப் பாக்கோடு வந்த அட்வான்ஸ், ஏஜென்ட் கழித்தது, கையில் வந்தது, பஸ்ஸுக்கு, பூவுக்கு, பவுடருக்கு, புடவை வாடகைக்கு, மிச்சம். அந்த மிச்சத்திலிருந்து அவர் அம்மாவிடம் போனது எவ்வளவு, பால்காரருக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு. பத்து வருஷத்துக்கு ஒன்றாக மூன்று இரவு போதும். "பாத்துக்கினாங்க" என்ற சொல்லுக்குள் என்னென்ன வேலை, எவ்வளவு காசு இருந்தது என்பது அந்த மூன்று பக்கத்தில் வெளியே வந்துவிடும்.

பதில் 2: காட்பாடி ஒலி

ஃபேனுக்கும் கிழியும் குரலுக்கும்.

மே மாதம் வேலூரில் ஃபேன் இல்லாமல் 71 வயது மனுஷியை உட்கார வைக்கக் கூடாது, உடம்புக்கு ஆகாது. எனவே நேரத்தை மாற்றுங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடிப்பது நல்லது. இன்னும் நல்லது ஐப்பசி, கார்த்திகை. வெயிலும் இருக்காது, நாடகக்காரர்களுக்குச் சீசனும் இல்லை, பழைய ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஓட்டு வீடாக இருந்தால் மழை பெய்யும்போது பதிவு வேண்டாம். அந்த இரைச்சலைப் பிறகு எடுக்க முடியாது. தவிர்க்கவே முடியாமல் ஃபேன் போட வேண்டியிருந்தால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, டேபிள் ஃபேனை அவர் முதுகுப் பக்கம் தள்ளிக் குறைந்த வேகத்தில் வையுங்கள். மைக்கில் காற்று நேராக அடித்தால் வரும் "புஃப்" சத்தம் பேச்சையே தின்றுவிடும்.

சட்டையில் குத்தும் சின்ன மைக் வாங்குங்கள், வயர் உள்ளதே போதும். முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்த வேண்டும். புடவைத் தலைப்பில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசும். ரவிக்கை ஓரத்தில் குத்தி வயரை ஒரு சுற்று சுற்றி டேப் ஒட்டுங்கள். கண்ணாடி வளையல்தான் அடுத்த எதிரி. நடிகைகள் கையை வீசித்தான் பேசுவார்கள், அதைத் தடுக்கக் கூடாது. வளையலைக் கழற்றச் சொல்லவும் கூடாது, அவர் மனசு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது. ஒரு கைக்குட்டையை வளையல்களுக்குள் நுழைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னால் சத்தம் அடங்கிவிடும்.

பாட்டில் குரல் கிழியக் காரணம், பேச்சுக்கு வைத்த அளவிலேயே பாட்டையும் வாங்குவது. மைக் சரியில்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்கப் பழகிய தொண்டை அது. தொடங்கும்போதே, "அம்மா, வள்ளி முதல்ல உள்ள வர்ற பாட்டு ரெண்டு வரி மேடையில பாடுற மாதிரியே பாடுங்க" என்று கேட்டு, அந்த உச்சத்துக்கு மீட்டர் மைனஸ் 12, மிஞ்சினால் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துவிடுங்கள். பேச்சு மெல்லியதாகப் பதிவாகும், பரவாயில்லை. மெல்லியதைப் பிறகு தூக்கலாம், கிழிந்ததை ஒட்ட முடியாது. கூடவே இரண்டாவது போன் ஒன்றை ஆறடி தள்ளி வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் ஏரோப்ளேன் மோடு. அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

கோப்பு, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வகையாக இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. இருபது மணி நேரப் பேச்சு 10 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஒரு பென்டிரைவ் காசு. அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து, இரண்டாவது நகலை வேறொருவர் வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி அதையே மூலமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாடும்போது சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பாடியவர் இப்போது மூன்றில் பாடுவார். "அப்போ எத்தனை கட்டை, இப்போ எத்தனை" என்று கேட்டு எழுதி வைத்தால்தான் பிற்பாடு கேட்பவர் அவர் குரலைத் தப்பாக எடை போட மாட்டார்.

பதில் 3: பிட் நோட்டீஸ்

வருஷம் பற்றி.

அவரிடம் வருஷத்தைக் கேட்காதீர்கள், பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பகுதிக்குச் சில நங்கூரங்கள்: வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேஸ்வரரை மறுபடி பிரதிஷ்டை செய்தது 1981. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24. வடஆற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்தது 1989. கோலார் தங்கவயல் மூடியது 2001. ஒவ்வொன்றுக்கும் "அப்போ பையன் நடந்தானா, பள்ளிக்கூடம் போனானா, பொண்ணு வயசுக்கு வந்துட்டாளா" என்று சேர்த்துக் கேளுங்கள். தாய்க்குப் பிள்ளையின் வளர்ச்சிதான் காலண்டர். மகன், மகள் இருவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும். அது அசல் தேதியாக இல்லாமல் வாத்தியார் போட்டதாகவும் இருக்கலாம். ஒரு வருஷம் முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நாடக நோட்டீஸ். ரோஸ், மஞ்சள் தாளில் அச்சடித்தது டிரங்குப் பெட்டியில் நாலைந்தாவது கிடைக்கும். ஊர், கோயில், நாடகம், யார் எந்தப் பார்ட், தேதி, கிழமை எல்லாம் இருக்கும். வருஷம் மட்டும் பல சமயம் இருக்காது. தேதியும் கிழமையும் இருந்தால் வருஷத்தைப் பிடித்துவிடலாம். உதாரணத்துக்கு "மே 15 வெள்ளிக்கிழமை" என்று இருந்தால், எண்பது தொண்ணூறுகளில் அது 1981, 1987, 1992, 1998 இவற்றில் ஒன்று. ஐந்து, ஆறு, சில நேரம் பதினொரு வருஷ இடைவெளியில்தான் அதே தேதி அதே கிழமையில் வரும். "அன்னிக்கு மகன் வயித்துல ஆறு மாசம்" என்று அவர் சொன்னால் வருஷம் ஒன்றாகக் குறைந்துவிடும். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு வைகாசி 1ஆம் தேதி என்பதால் அந்தத் திருவிழாவை ஒட்டிய நாடகங்களுக்கு இந்த வழி இன்னும் சுலபம்.

எல்லாரும் கைவிடும் ஒரு சான்றைச் சொல்கிறேன்: மணியார்டர் ஒப்புதல் சீட்டு. அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து மணியார்டரில் பணம் அனுப்பினால், வாங்கியவர் கையெழுத்தோ கைநாட்டோ போட்டது அனுப்பியவருக்கே திரும்பி வரும். தபால் முத்திரை, தேதி, தொகை மூன்றும் அதில் இருக்கும். தங்கவயலில் தங்கி ஆடிய மாதங்களில் அவர் தன் அம்மாவுக்கு அனுப்பியிருந்தால், பேரப் பிள்ளைகளுக்காக வாங்கிய பணத்துக்கு அந்தப் பாட்டி வைத்த கட்டைவிரல் ரேகை அந்தத் துண்டுத் தாளில் இருக்கும். பெட்டியில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பின்படுதா சொன்ன கணக்கு நோட்டுக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

சொன்னதை எல்லாம் அப்படியே அச்சில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. பாடகி பில்லி ஹாலிடேயின் தன்வரலாறு 1956இல் வந்தது, வில்லியம் டஃப்டி என்பவர் கேட்டு எழுதியது. தொடக்கத்திலேயே பெற்றோர் கல்யாணம் செய்துகொண்டதாக வருகிறது. அவர்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று ஆவணங்களைப் பார்த்தவர்கள் பின்னால் கண்டார்கள். அதனால் அந்த நூல் பொய்யாகிவிடவில்லை. அவர் எப்படிச் சொல்ல விரும்பினார் என்பதும் ஓர் உண்மை. ஆனால் நீங்கள் சரிபார்த்து, முரண்பட்டால் உள்ளே திருத்தாமல் பின்குறிப்பில் ஒரு வரி போடுங்கள்.

போட்டோ பற்றி ஒரு எச்சரிக்கை. ஃப்ரேம் போட்டு மாட்டிய பழைய ஸ்டூடியோ படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிரிக்காதீர்கள், முகமே கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கெங்கையம்மன் தெரு வாசகர்

மூவருக்கும் நன்றி. மணியார்டர் சீட்டு எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். மகள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். தானும் கூட உட்கார்ந்து கேட்கிறேன் என்கிறார். அனுமதிக்கலாமா? அடுத்து, பேச்சு நடை பற்றி யாராவது சொல்லுங்கள்.

பதில் 4: சேண்பாக்கம் மெய்ப்பு

நடை பற்றி. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஆறு மணி நேரமாவது பிடிக்கும். பாட்டும் வசனமும் வந்தால் எட்டு. இருபது மணி நேரத்துக்கு 120 மணி நேரம். ஒரே ஆள் செய்தால் பாதியில் ஓய்ந்துவிடுவார், நான்கு பேர் செய்தால் நான்கு விதமாக எழுதுவார்கள். அதனால் எழுதத் தொடங்கும் முன்பே ஒரு சொற்பட்டியல், நாற்பது சொல் இருந்தால் போதும், எல்லார் கையிலும் இருக்க வேண்டும். "இட்டுக்கினு", "சொல்லிக்கினு", "அப்பால", "எத்தினி", "இன்னா", "ஆயா", "நாஷ்டா" இவற்றை எப்படி எழுதுவது என்று ஒரே முடிவு.

என் கருத்து: சொல்லையும் வாக்கிய அமைப்பையும் தொடாதீர்கள், ஒலியை மட்டும் கொஞ்சம் தணியுங்கள். "புள்ளைய ஆயாகிட்ட உட்டுட்டு ராவோட ராவா பஸ்ஸு ஏறிட்டேன்" என்பதை "பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இரவோடு இரவாகப் பேருந்து ஏறிவிட்டேன்" என்று மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். பள்ளிக்கூட டீச்சர் பேசுவது போல ஆகிவிடும். அதே நேரம் "கீறேன்", "கீது" பக்கத்துக்கு இருபது இடத்தில் வந்தால் மதுரைப் பக்கம், நெல்லைப் பக்கம் படிக்கிறவர் தடுமாறுவார். "நான் உள்ள கீறேன்" என்றால் எதையோ கீறுகிறார் என்று நினைப்பார். எடுத்துரைப்பில் "இருக்கேன்" என்று எழுதிவிட்டு, பிறர் பேசியதை அவர் திருப்பிச் சொல்லும் இடத்தில் மட்டும் "கீது" இருக்கட்டும்.

நாடக வசனமும் பாட்டும் தனி. அவர் மேடைத் தமிழுக்கு மாறும்போது இலக்கணச் சுத்தமாக உச்சரிப்பார். எழுதப் படிக்க வராதவர் காதால் கேட்டுப் பாடம் செய்த தமிழ் அது. அதைப் பேச்சு நடைக்கு இழுத்துவிடாதீர்கள். இரண்டு தமிழுக்கும் நடுவே அவர் தாவுவதுதான் இந்தப் புத்தகத்தின் அழகாக இருக்கப் போகிறது.

அளவையும் இப்போதே யோசியுங்கள். மணிக்குச் சுமார் 5,000 சொல் என்றால் இருபது மணி நேரத்துக்கு ஒரு லட்சம். டெம்மி அளவில் 224 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் பதினான்கு, போட்டால் கொள்ளுவது ஐம்பதாயிரத்தை ஒட்டி. பாதியை வெட்ட வேண்டும். வழக்கமாக முதலில் வெட்டப்படுவது வீட்டுப் பேச்சு. "திரும்பத் திரும்ப வருது" என்பார்கள். பட்டப்பெயர், பொன்னாடை, பெரிய மனிதர் பாராட்டு இவற்றை முதலில் வெட்டுங்கள்.

பதில் 5: பின்படுதா

மெய்ப்பு அவர்களோடு ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். "கீது", "கீறேன்" எடுத்துரைப்பிலும் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் பழகிவிடும். கறுப்பின எழுத்தாளர்கள் பலர் தங்கள் வீட்டுப் பேச்சை வெள்ளைக்கார வாசகருக்காகச் சலவை செய்துகொள்ளவில்லை; வடஆற்காட்டுப் பேச்சும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்னால் அரைப் பக்கச் சொல்விளக்கம் போதும்.

மகள் விஷயம். முதல் சுற்றில் கூட உட்கார வேண்டாம். மரியாதையாகக் காரணத்தைச் சொல்லுங்கள்: மகள் முன்னால் எந்தத் தாயும் மகளுக்கு நோகாத கதையைத்தான் சொல்வார். அதற்கு ஈடாக மகளிடம் தனியாக இரண்டு அமர்வு, மகனிடம் ஒன்று வையுங்கள். அதே நாள், அதே நிகழ்ச்சி, அவர்கள் பக்கத்திலிருந்து: அம்மா விடியற்காலை வந்து இறங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தார்களா, அம்மா மேல் என்ன வாசனை அடித்தது, என்ன வாங்கி வருவார், பள்ளியில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆயா கண்டிப்பா, செல்லமா. இரண்டு கூற்றும் ஒத்துவராத இடத்தைச் சமன் செய்யாதீர்கள். தாய் சொன்னது ஓர் அத்தியாயம், மகள் சொன்னது அதையடுத்து நான்கு பக்கம். ஆனால் மகள் சொன்னதை எடுத்துக்கொண்டு போய்த் தாயிடம் "அப்படியா?" என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் நாளைக்கும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும்.

எதை அச்சில் ஏற்றலாம் என்ற கடைசி முடிவு தாயுடையது. பிள்ளைகளின் உடம்பு, கல்யாணம், கடன் பற்றிய இடங்களில் மட்டும் பிள்ளைகளுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பயம் குறையும்.

பதில் 6: காட்பாடி ஒலி

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக. அவர் சொன்னது, அவர் பாடியது. முதலில் வர வேண்டியது அவர் பெயர். அட்டையில் அவர் பெயர், கீழே சின்னதாக "கேட்டு எழுதியவர்கள்". நூலுக்கு ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை; பாடியதற்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக 50 ஆண்டு. ராயல்டி யாருக்கு, அவருக்குப் பின் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, ஒலிப்பதிவை வேறு யாருக்குக் கொடுக்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, அவருக்கு வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். நாடகங்களும் பாடல்களும் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தவர், அவர் பாடல் வரிகளைத் தயக்கமின்றி அச்சிடலாம். சினிமா மெட்டில் கட்டிய பாட்டு என்றால் வரி யாருடையது என்று விசாரித்துவிட்டு அச்சிடுங்கள். பாட்டு வாத்தியார் எழுதியதாக இருந்தால் அவர் குடும்பத்திடம் கேட்க வேண்டும்.

பதில் 7: பின்படுதா

ஒன்று விட்டுப்போனது. எழுதி முடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டும்போது ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், நாற்பது நிமிஷத்துக்குள். வாசிப்பவர் பெண்ணாக இருந்தால் நல்லது. அப்போதும் ரெக்கார்டரை ஓட விடுங்கள். "அது அப்படி இல்லமா" என்று அவர் திருத்தும் இடங்கள்தான் பல சமயம் முதல் பதிவைவிட நன்றாக இருக்கும்.

பேசிக்கொண்டே வந்து அவர் நிறுத்திவிட்டால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், பதிவையும் அணைக்காதீர்கள். ஒரு நிமிஷம் வரைக்கும் போகட்டும். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் நீட்டாதீர்கள். நீட்டினால் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்வார். அந்த மௌனத்தை எழுதும்போது புள்ளி புள்ளியாக வைக்க வேண்டாம். வரியை முடித்து, ஒரு வரி இடம் விட்டு, அடுத்து அவர் முதலில் சொன்ன சொல்லிலிருந்து தொடங்குங்கள்.